சுங்கக் கிராணி எழுதிய சரித்திரம்

ஒரு நகரத்துக்குப் பெருமை எதனால் வருகிறது? கோட்டை கட்டினவனாலும் படை நடத்தினவனாலும் வருகிறது என்பது பழைய சரித்திரக்காரர் கொள்கை. ஆள வந்தவன் பெயர் தெருவுக்கு இடப்படுகிறது. போரில் வென்றவன் உருவம் சந்தியில் நிறுத்தப்படுகிறது. அந்நகரத்துக்குப் பாட்டுக் கொடுத்தவன் யார், சிலை செதுக்கியவன் யார், ஏழைப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வைத்தவள் யார், அநீதியான சட்டத்தின் முன் எழுந்திருக்க மறுத்து உட்கார்ந்திருந்தவன் யார் என்று கேட்டால், விடை கூறும் புத்தகங்கள் மிகச் சிலவே. அத்தகைய புத்தகம் ஒன்றைப் பற்றியும், அதை எழுதியவரைப் பற்றியும், அதில் இடம் பெற்றோர், பெறாதோர் பற்றியும் இங்கே கூற விரும்புகிறோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில், மிசிசிப்பி என்னும் பேராறு கடலை அடையுமுன் வளைந்தோடும் இடத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரம் இருக்கிறது. 1718இல் பிரெஞ்சுக்காரர் அதை நிறுவினர். இடையில் ஸ்பானியர் ஆண்டனர். 1803இல் அமெரிக்கா அதனை லூயிசியானா நாடு முழுவதோடும் சேர்த்து விலைக்கு வாங்கிற்று. நகரம் தோன்றிய மறு ஆண்டே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்கள் அப்பகுதிக்கு வரத் தொடங்கின. கரும்புத் தோட்டங்களும் பருத்தித் தோட்டங்களும் அம்மக்களின் உழைப்பினால் பெருகின.

தோட்டம் என்றதும் நம் வாசகர்க்கு நினைவு வருவது ரப்பர்க் காடும் லயமும் பிரட்டுக் களமுமாகும். அத்தோட்டங்களோ அதனினும் கொடியவை. அங்கே உழைத்தவனுக்குக் கூலி இல்லை. பெற்ற தாய்க்குப் பிள்ளை சொந்தமில்லை. துரை இறந்தால் சொத்துக்குப் பட்டியல் எழுதுவார்கள். அப்பட்டியலில் மாடு, கோவேறு கழுதை ஆகியவற்றோடு மனிதரின் பெயரும் வயதும் விலையும் வரிசையாக இருக்கும். செக்ரோல் எழுதிப் பழகிய நம் போன்றோர்க்கு அந்தப் பக்கங்களை நினைத்தாலே கை கூசுகிறது. மனிதனை மனிதனாக எழுதுவதும் ஒரு பேனாதான். சரக்காக எழுதுவதும் ஒரு பேனாதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமைகளுக்குச் சிறிது ஓய்வு உண்டு. அவ்வேளையில் நகரின் பின்புறத்திலுள்ள ஒரு திறந்த வெளியில் அவர்கள் கூடினர். காய்கறி விற்றனர், தாய்நாட்டு முழவுகளை முழக்கி வட்டமாக நின்று ஆடினர். மேயர் குறித்த இடத்தில் மட்டுமே அடிமைகள் ஆடலாம் என்று 1817இல் நகர சபை உத்தரவிட்டது. காங்கோ சதுக்கம் என்று அவ்விடத்துக்குப் பெயர் வழங்கிற்று. வாரத்தில் ஆறு நாள் பெயரற்றவராக உழைத்தவர்கள் ஏழாம் நாள் அங்கே தங்கள் பாட்டனின் தாளத்தைப் பேரனுக்குக் கற்பித்தார்கள். பின்னாளில் ஜாஸ் என்று உலகம் கொண்டாடும் சங்கீதத்தின் வேர்களுள் ஒன்று அந்த மண்ணில் ஊன்றியதென்று ஆராய்ச்சியாளர் கூறுவர்.

அடிமைக்கும் ஆண்டானுக்கும் இடையே அந்நகரில் மூன்றாவது வகுப்பினரும் இருந்தனர். கறுப்பு இரத்தம் கலந்திருந்தும் சுதந்திரம் பெற்றவர்கள் அவர்கள். கிரியோல் மக்கள் என்றும் அவர்களை அழைப்பர். பிரெஞ்சு பேசினர், தச்சு, கொத்து, சுருட்டு முதலிய தொழில்கள் செய்தனர். சொத்து வைத்துக் கொள்ளலாம், வாக்குரிமை கிடையாது. அவ்வகுப்பில் 1849இல் பிறந்தவர் ரொடால்ப் டெஸ்டூன். அவர் பல ஆண்டுகள் நியூ ஆர்லியன்ஸ் சுங்கச் சாலையில் வேலை பார்த்தவர். நம் பேச்சில் சொன்னால் ஒரு கிராணி. கப்பற் சரக்கு நிறுக்கும் வேலையில் இருக்கும்போது கருங்கல் தூள் கண்ணில் விழுந்து, இறுதியில் பார்வையையே இழந்தார். பெரிய பதவியோ, பணமோ அவரிடம் இல்லை. ஆனால் 'நம் மக்களும் நம் சரித்திரமும்' என்று பொருள்படும் தலைப்பில் பிரெஞ்சு மொழியில் ஒரு நூல் எழுதினார். அது 1911இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் அச்சாயிற்று. ஆங்கிலத்தில் வருவதற்கு 1973 ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

அந்நூலில் அரசரில்லை. கவிஞர், இசைவாணர், சிற்பி, ஆசிரியர், கொடையாளர் ஆகியோரே நிறைந்திருக்கின்றனர். அவர்களுள் சிலரை நம் வாசகர்க்கு அறிமுகப்படுத்துவோம்.

எட்மண்ட் டேடே 1827இல் அந்நகரில் பிறந்தவர். சுருட்டுச் சுற்றிப் பிழைத்துக்கொண்டே பிடில் கற்றார். 1852இல் வெளியான அவருடைய பாடல் ஒன்றின் இசைக்குறிப்பு இன்றும் கிடைக்கிறது. நிறம் குறுக்கே நின்ற ஊரில் தம் வித்தைக்கு இடமில்லையென்று கண்டு பிரான்சுக்குச் சென்றார். போர்தோ நகரத்து அரங்குகளில் நெடுங்காலம் வாத்தியக் குழுக்களை நடத்தினார். 1887இல் அவர் எழுதி முடித்த 'மார்கியான்' என்னும் இசை நாடகம் அவர் உயிரோடிருந்தவரை மேடை ஏறவில்லை. கையெழுத்துப் பிரதி நூலகத்தில் கிடந்தது. 2025இல்தான் அமெரிக்காவில் அது அரங்கேறிற்று. ஒரு நூற்றாண்டுக்கு மேல் உறங்கிய பாட்டு! பிரதி மட்டும் தொலைந்திருந்தால் அதற்கு விழிப்பு ஏது?

அர்மான் லானூஸ் என்பவர் 1845இல் தம் வகுப்பைச் சேர்ந்த 17 கவிஞரின் பாக்களைத் தொகுத்து 'லே செனெல்' என்ற பெயரில் வெளியிட்டார். அமெரிக்காவில் கறுப்பு இனத்தார் பாடல்களாக வெளிவந்த முதல் தொகை நூல் அதுவே. அடிமைக்கு எழுத்துக் கற்பித்தால் சிறை என்று 1830இல் சட்டம் செய்த நாட்டில் அது வெளிவந்தது என்பதை நினைத்தால்தான் அதன் அருமை விளங்கும். யூஜின் வார்பர்க் என்னும் சிற்பியோ, ஐரோப்பா சென்று தொழில் செய்து, 1859இல் ரோமாபுரியில் இளவயதிலேயே மாண்டார்.

கலைஞருக்கு அடுத்தபடி கொடையாளர். மேரி கூவான் என்னும் மூதாட்டி ஆப்பிரிக்காவில் பிறந்து அடிமையாகக் கொண்டு வரப்பட்டவர். பின்னர் விடுதலை பெற்றவர். 1832இல் எழுதிய உயிலில், அனாதைக் கறுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்கத் தம் நிலத்தைக் கொடுத்தார். 1837இல் அவர் இறந்தார். உயில் செயலாகப் பதினோர் ஆண்டு சென்றது. 1848இல் பள்ளி திறந்தது. மேற்சொன்ன லானூஸ் அதன் தலைமையாசிரியராக இருந்தார். டெஸ்டூன் படித்ததும் அப்பள்ளியில்தான். அந்த மூதாட்டி தாமும் அடிமைகளை வைத்திருந்தவர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அடிமைத்தனம் என்பது ஒடுக்கப்பட்டவர் வீட்டுக்குள்ளும் புகுந்துவிடும் நோய். நன்மையைப் போற்றுகையில் குறையை ஒளிப்பவன் சரித்திரக்காரனாகான்.

இனி, நூலாசிரியரின் குடும்பத்துக்கு வருவோம். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தனம் ஒழிந்தது. ஆனால் 1890இல் லூயிசியானா சட்டசபை தனிவண்டிச் சட்டம் ஒன்றைச் செய்தது. வெள்ளையர்க்கு ஒரு பெட்டி, கறுப்பர்க்கு ஒரு பெட்டி. மாறி உட்கார்ந்தால் 25 டாலர் அபராதம், அல்லது 20 நாள் சிறை. இதனை எதிர்க்க 1891இல் கிரியோல் மக்கள் குடிமக்கள் குழு ஒன்றை அமைத்தனர். டெஸ்டூன் அதில் முக்கியமானவர். வழக்கை நடத்தப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். சட்டத்தை மீறிச் சிறை செல்ல முதலில் யாரை அனுப்புவது? பிறர் பிள்ளையை அனுப்பிவிட்டுத் தம் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளும் தலைவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. டெஸ்டூன் தம் மகன் டானியலையே அனுப்பினார்.

டானியல் ஓர் இசைவாணர். 1892 பிப்ரவரியில் அலபாமா செல்லும் புகைவண்டியில் வெள்ளையர் பெட்டியில் ஏறிக் கைதானார். மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் பயணிக்கு இச்சட்டம் செல்லாது என்று முடிவாகி அவ்வழக்கு தள்ளப்பட்டது. ஆகவே மாநிலத்துக்குள்ளேயே ஒரு சோதனை வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஜூன் 7ஆம் நாள், சப்பாத்துத் தைக்கும் தொழிலாளியான ஹோமர் பிளெசி வண்டியேறி, எழுந்திருக்க மறுத்துக் கைதானார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1896இல் ஏழு நீதிபதிகள் சட்டம் செல்லும் என்றனர். ஹார்லன் என்ற ஒருவர் மட்டும் மறுத்துத் தீர்ப்பெழுதினார். 'பிரித்து வை, ஆனால் சமம்' என்னும் அப்பொய்யான கொள்கை 1954 வரை அந்நாட்டுப் பள்ளிக்கூடங்களைப் பிரித்து வைத்தது. 1897இல் பிளெசி 25 டாலர் அபராதம் கட்டினார். குழு கலைந்தது, மிஞ்சிய பணத்தைத் தர்ம ஸ்தாபனங்களுக்குக் கொடுத்தார்கள்.

தோற்றவர்களை ஏன் போற்றுகிறோம் என்று சிலர் கேட்கலாம். அவர்கள் வழக்கில் தோற்றார்கள். ஆனால் வாய்மூடி இருந்தார்கள் என்ற பழியைத் தம் சந்ததிக்கு வைத்துச் செல்லவில்லை. 2022 ஜனவரி 5ஆம் நாள் லூயிசியானா கவர்னர் பிளெசிக்கு மன்னிப்பு வழங்கினார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யார், கொடுக்க வேண்டியவர் யார் என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

டானியலோ, வடக்கே ஓமாகா நகருக்குச் சென்று வாத்தியக் குழு நடத்தினார். அனாதைச் சிறுவர் இல்லம் ஒன்றில் பிள்ளைகளுக்கு இசை கற்பித்தார். கண்ணிழந்த தந்தை 1928இல் அவ்வூரிலேயே காலமானார். இசையும் சீர்திருத்தமும் ஒரே வீட்டில் ஒரே பாயில் உறங்கி எழுந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இவ்வளவு சிறந்த நூலிலும் ஒரு பெரும் குறை உண்டு. டெஸ்டூன் தம் கிரியோல் வகுப்பினரையே எழுதினார். அவர் எழுதிய காலத்தில் அதே நகரத்தில், ஏட்டுக் கல்வி குறைந்த ஏழைக் கறுப்பர் தெருக்களில் வேறொரு சங்கீதம் பிறந்துகொண்டிருந்தது. அதை வளர்த்தவை உதவிச் சங்கங்கள். வெள்ளையர் இன்ஷூரன்ஸ் கறுப்பருக்குக் கிடைப்பது அரிதாயிருந்தபடியால், மாதந்தோறும் சிறு சந்தா கட்டி, நோய்க்கு வைத்தியர், சாவுக்குப் பெட்டியும் குழியும் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். 1884இல் தோன்றிய 'யங் மென் ஒலிம்பியன்' சங்கம் அவற்றுள் ஒன்று. உறுப்பினர் இறந்தால் பித்தளை வாத்தியக் குழு முன்னே செல்லும். இடுகாடு செல்லும்வரை சோகப் பண். புதைத்துத் திரும்புகையில் துள்ளும் தாளம். பின்னால் தெருவே ஆடி வரும். சந்தா கட்டிய ஏழைக்கு மன்னனுக்குரிய இறுதி மரியாதை கிடைத்தது. வாத்தியக்காரனுக்கு அன்றைய சோறு கிடைத்தது. சாவுக் கொட்டு அடிப்பவனை இழிந்தவன் என்று தள்ளி நிறுத்தும் வழக்கத்தைக் கண்டறிந்த நாம் இதைச் சிந்திக்க வேண்டும்.

அத்தெருக்களில் கார்னெட் ஊதிப் பெரும் புகழ் பெற்றவர் பட்டி போல்டன். 1877இல் பிறந்தார்; 1907இல் மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டு, 1931இல் அங்கேயே இறந்தார். அவர் ஊதிய ஓசை இசைத்தட்டு எதிலும் நமக்குக் கிடைக்கவில்லை. பெயர்க்கல் இல்லாமல் ஏழைகள் இடுகாட்டில் புதைத்தார்கள். அவர் காலத்தில் அவரைப் பற்றி ஒரு கிராணியாவது நாலு பக்கம் எழுதி வைத்திருந்தால்!

அவர் வழியில் வந்த லூயி ஆம்ஸ்ட்ராங் 1901இல் அந்நகரில் பிறந்தார். சீர்திருத்த விடுதியில் கார்னெட் பயின்று, உலகம் போற்றும் வித்வானானார். ஆனால் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் வாசிக்கக் கூடாது என்று லூயிசியானா 1956இல் சட்டம் போட்டது. அவருடைய குழுவில் இருநிறத்தாரும் இருந்தனர். பிறந்த ஊரென்றும் பாராமல் 1965 வரை அவர் அங்கே வாசிக்க மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டு, 1966இல், கறுப்பு மக்கள் கூடிக் களித்த கிளைபோர்ன் சாலையின் ஓக் மரங்களை வெட்டி, அதன்மேல் மோட்டார்ப் பாலம் கட்டினார்கள். 2001இல் விமான நிலையத்துக்கு ஆம்ஸ்ட்ராங் பெயரை வைத்தார்கள். பெயர் வைப்பது எளிது. அப்பெயருக்குரிய மக்கள் வாழும் தெருவை விட்டுவைப்பதே அரிது.

அன்பர்களே, இதில் நமக்குள்ள படிப்பினை யாது? பாடுகிறவன் வேறு, பாடுபடுகிறவன் வேறு என்று எண்ணுவது தவறு. நியூ ஆர்லியன்ஸில் சாவுச் சங்கம் இல்லாவிட்டால் வாத்தியக் குழுவுக்குப் பிழைப்பில்லை. கூவான் அம்மையாரின் பள்ளி இல்லாவிட்டால் டெஸ்டூனின் பேனா இல்லை. அப்பேனா இல்லாவிட்டால் அவருடைய மக்களில் பலரை இன்று அறிவாரில்லை.

நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் தப்படித்தவர், கூத்துக் கட்டியவர், கொட்டகையில் இரவுப் பள்ளி நடத்தியவர், கள்ளுக்கடையை எதிர்த்தவர், சங்கம் கண்டவர் எத்தனை பேர்! செக்ரோலில் அவர்களுக்கு ஒரு நம்பர் உண்டு. அன்றைய பெயரும் உண்டு. செய்த காரியம் இல்லை. எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, ஆட்கள் பட்டணங்களுக்குச் சிதறிவிட்டார்கள். நினைவுள்ள பெரியவர்கள் நாளுக்கு நாள் குறைகிறார்கள். பேனா பிடிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் தம் ஊரில் உள்ள முதியவர் ஒருவரிடம் சென்று, யார் அடித்தார், யார் பாடினார், யார் கற்பித்தார், யார் எதிர்த்து நின்றார் என்று கேட்டு, பெயரும் ஊரும் ஆண்டும் குறித்து வைக்க வேண்டும். எழுதுகையில் டெஸ்டூனின் உழைப்பைப் பின்பற்றுவோம். அவர் விட்ட குறையையும் நீக்குவோம். நம் ஜாதி, நம் வகுப்பு, நம் உறவு என்று பாராமல், லயத்தின் கடைசி வீட்டுக்காரனையும் சேர்த்து எழுதுவோம்.