கெய்ரோவிலிருந்து வந்த தீர்ப்பு

சென்ற வாரம் உங்களைப் பினாங்கு நாகூர் சாலையில், 28ஆம் எண் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தேன். 1929இல் அந்த வீடு யூதர்களின் ஜெப ஆலயமான கதையை இந்த வாரம் எழுதுவதாக வாக்கு. அதற்குள் தைப்பிங்கில் ஒரு வாசகர் கேட்ட கேள்வி என்னை வேறு கரைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஏரிப் பூங்காவில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது கேட்டார்: “பள்ளிவாசலுக்கு இமாம் இருக்காரு, சர்ச்சுக்குப் பாதிரியார், நம்ம கோயிலுக்குக் குருக்கள். யூதர்களுக்கு ரபின்னு எழுதுறீங்களே ஐயா, அவரும் ஒரு பூசாரிதானா?”

இல்லை. யூதர்களின் குருக்கள் கோஹென் எனப்படும் குலத்தார். ஜெருசலேம் கோயில் கி.பி. 70இல் ரோமானியப் படையால் இடிக்கப்பட்டதோடு பலிபீடம் போயிற்று, அவர்களுடைய பூசையும் போயிற்று. அதன்பின் அந்த மக்களைக் கட்டிக் காத்தவர் ரபி. அவர் ஆசான். மறைநூலும் சட்டமும் கற்று, வழக்கு என்று வந்தால் தீர்ப்புச் சொல்பவர். தொழுகையில் முன்நின்று ஓதுபவருக்கு ஹஸான் என்று தனிப் பெயர் உண்டு. விதிப்படி ஆடு கோழி அறுப்பவர் ஷோஹெத். ரபி இல்லாவிட்டாலும் கூட்டுத் தொழுகை நடக்கும். பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர் மட்டும் இருந்தாக வேண்டும். பத்தில் ஒன்று குறைந்தாலும் மறைநூல் சுருளை எடுத்து ஓத முடியாது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்கு ஆகமம் படித்த சிவாச்சாரியார் ஏது? காலையில் பால்மரம் வெட்டிவிட்டு வந்து, குளித்து, வேட்டியை மாற்றிக்கொண்டு மணியடித்தவர்தான் பூசாரி. கரகம் எடுத்ததும் தீமிதிக்கு நாள் குறித்ததும் அவரே. அம்மன் ஒரு குறையும் சொல்லவில்லை.

கொச்சி யூதர்களும் தங்களுக்கென்று ரபி வைத்துக்கொண்டதில்லை. மூப்பர்களும் ஹஸான்களுமே சபையை நடத்தினார்கள். அவர்களுடைய தலைவருக்குக் கொச்சி ராஜா கொடுத்த பட்டம் என்ன தெரியுமா? முதலியார்! ஜெப ஆலயத்தை அவர்கள் ‘பள்ளி’ என்றே சொன்னார்கள். மட்டாஞ்சேரியில் 1615இல் மறைந்த யூத ஞானி நெஹெமியா மோத்தாவின் சமாதிக்கு இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் விளக்கேற்றப் போவார்கள். நாகூர் ஆண்டவரை நம்பும் நமக்கு அதில் வியப்பில்லை.

ரபி இல்லாத ஊரில் சிக்கல் வந்தால்? கடல் தாண்டிக் கடிதம் போகும்.

அப்படி ஒரு கடிதம் 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கெய்ரோவுக்குப் போனது. பெற்றுக்கொண்டவர் ரபி தாவீது இப்னு ஸிம்ரா. 1492இல் ஸ்பெயின் தன் யூதர்களை விரட்டியடித்தபோது அவர் பதின்மூன்று வயதுப் பிள்ளை. வீடிழந்து வந்த அந்தப் பிள்ளை பின்னாளில் எகிப்து யூதர்களுக்கே தலைமை ரபியாக உயர்ந்தார். இந்தத் தொடரில் இதுவரை வந்த மனிதர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான்.

கடிதத்தில் இருந்த வழக்கு இது. கொச்சியில் 900 யூதக் குடும்பங்கள். அவற்றில் 100 குடும்பத்தார் தாங்களே சுத்த வம்சம் என்றனர். மற்றவர்கள் பக்தியிலோ தருமத்திலோ குறைந்தவர்கள் இல்லை. ஆனாலும் அவர்களை ‘அடிமை வழி’ என்று ஒதுக்கினார்கள், பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. இது சரியா?

சரியில்லை என்று எழுதினார் ரபி. மூவர் முன்னிலையில் முறைப்படி நீராடி மதத்துக்குள் வந்தவர் முழு யூதர். அவர் சபைக்குள் வரலாம், சம்பந்தம் செய்யலாம், அவரை அடிமை என்று ஏசுவது தவறு. கொச்சியை அவர் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காமலே நியாயம் சொன்னார்.

ஊரில் இருந்தவர்கள் கேட்கவில்லை. 1568இல் மட்டாஞ்சேரியில் பரதேசிப் பள்ளி எழுந்தது. பரதேசி என்றால் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர். ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்களும் அவர்களில் உண்டு, அதே ரபியைப் போல. துரத்தப்பட்டவர்கள் இன்னொருவரை வாசலோடு நிறுத்தினார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. விடுதலை பெற்ற அடிமைகளின் சந்ததியார் அந்தப் பள்ளியில் மற்றவர்களோடு சமமாக உட்கார முடியாது. சுருளை ஓத அவர்களை அழைக்கமாட்டார்கள். இடுகாடும் வேறு. கெய்ரோ தீர்ப்பு நானூறு ஆண்டுகள் காகிதத்திலேயே கிடந்தது. அந்த மூப்பர்களை வணிகத்தில் வல்லவர்கள் என்று புகழும் நூல்கள் இருக்கின்றன. இந்த ஒரு கணக்கில் அவர்களை நான் மன்னிக்கத் தயாரில்லை.

கணக்கைத் தீர்க்க வந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். 1882இல் அந்த ஒதுக்கப்பட்ட குடும்பங்களில் ஒன்றில் பிறந்தார். எர்ணாகுளத்தில் கல்லூரிப் படிப்பு, சென்னையில் சட்டம். கொச்சி சட்டசபையிலும் உட்கார்ந்தார். ராஜாவின் சபையில் நாற்காலி உண்டு, தன் சொந்தப் பள்ளியில் இருக்கை இல்லை! சேலம் கத்தியெடுக்கவில்லை. காந்தியிடம் கற்ற சத்தியாகிரகத்தைப் பள்ளிக்குள் கொண்டு வந்தார். பகிஷ்கரித்தார், உட்காரக் கூடாத இடத்தில் போய் உட்கார்ந்தார், பிள்ளைகளையும் கூட்டிப் போனார். ‘யூத காந்தி’ என்ற பெயர் அப்படி வந்தது. ஒவ்வொன்றாகத் தடைகள் விழுந்தன. ரபிப் பட்டம் இல்லாத அந்த வழக்கறிஞரால்தான் கெய்ரோ ரபியின் சொல் கடைசியில் நிறைவேறியது.

சேலத்தைப் பற்றி எழுதும்போது என் நினைவு தோட்டத்துக்கே போகிறது. எங்கள் கோயிலில் பொங்கலைப் பிரசாதமாகக் கொடுக்கும்போது வரிசை இருந்தது. கடைசி லயத்துக்காரர்களின் கைக்குக் கடைசியில்தான் வரும், அதுவும் மேலிருந்து விழும். ஒரே கப்பலில், ஒரே பசியோடு வந்து இறங்கியவர்கள்தான் எல்லோரும். ஒரு வருடம் திருவிழாவில் என் தாத்தா முதல் வரிசையை விட்டு எழுந்துபோய்க் கடைசி லயத்துக்காரர்களோடு உட்கார்ந்தார். அவர் சேலத்தின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார். எனக்கு அப்போது எட்டு வயது.

நாகூர் சாலைக்கு வருகிறேன். 1929 டிசம்பரில் லாகூரில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்கு சேலமும் போயிருந்தார். பூரண சுதந்திரம் கேட்ட மாநாடு அது. அதே 1929இல்தான் பினாங்கில் ஜெப ஆலயம் திறந்தது. பினாங்கு யூதர்கள் பாக்தாத் வழி வந்தவர்கள். அங்கே யூத இடுகாட்டில் 1835ஆம் ஆண்டுக் கல்லறை உண்டு. ஆனால் இறந்தவர்களுக்கு இடம் கிடைத்துத் தொண்ணூறு ஆண்டுக்கு மேல் ஆன பிறகே உயிரோடு இருந்தவர்களுக்குத் தொழுகைக்கென்று ஓர் இடம் அமைந்தது. 1976இல் அதையும் மூடிவிட்டார்கள். பத்துப் பேர் சேரவில்லை.

பத்தாவது ஆளைத் தேடி அலைந்த அந்த நாட்களையும், 1941இல் ஜப்பானியர் வந்தபோது பினாங்கு யூதர்கள் சிங்கப்பூருக்கு ஓடியதையும் அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)