தப்பை ஒத்துக்கிட்ட டாக்டர்

ஃப்ராய்ட் காலத்து உளப்பகுப்பாய்வுக்கு ஒரு சட்டதிட்டம் உண்டு. நோயாளி சாய்வு மெத்தையில் படுத்துக்கிட்டு மனசுல வர்றதையெல்லாம் பேசணும். மருத்துவர் தலைமாட்டுப் பக்கம், கண்ணுல படாம உட்கார்ந்து கேட்கணும். தன் மனசுல ஓடுறதைக் காட்டிக்கவே கூடாது.

இதுல கை வெச்சவர் புடாபெஸ்ட் டாக்டர் சாண்டர் ஃபெரென்சி. ஃப்ராய்டோட செல்லப்பிள்ளை.

சின்ன வயசுல பாலியல் கொடுமைக்கு ஆளானவங்க பலர் இவர்கிட்ட வந்தாங்க. மருத்துவர் கல்லு மாதிரி இருந்தா அவங்களுக்கு அந்தப் பழைய கொடுமையேதான் திரும்பவும் நடக்குதுன்னு இவருக்கு உறைச்சது. அன்னிக்கும் பெரியவங்க மூடி மறைச்சாங்க, இன்னிக்கு டாக்டரும் மறைக்கிறார். அதே டாக்டர் "என் மேலதான் தப்பு"ன்னு ஒத்துக்கிட்டா? நோயாளிக்கு அவர் மேல நம்பிக்கை வருது. நேத்து வேற, இன்னிக்கு வேறன்னு அப்பதான் மனசு நம்புது. காயம் ஆற ஆரம்பிக்கிறது அங்கேதான்.

1932 செப்டம்பர்ல வீஸ்பாடன் மாநாட்டுல இதைக் கட்டுரையா வாசிச்சார். வெளியிட வேணாம்னு ஃப்ராய்டே தடுத்துப் பார்த்தார். அடுத்த மே மாசம் ஃபெரென்சி ரத்தசோகையில் இறந்துபோனார். கடைசிக் காலத்துல அவருக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு 1957ல எர்னஸ்ட் ஜோன்ஸ் எழுதியும் வெச்சார்!

கட்டுரை ஆங்கிலத்தில் வர 1949 ஆச்சு. அவரோட 1932ஆம் வருஷ நாட்குறிப்பு அச்சேற 1985 ஆச்சு. அதே எண்பதுகளில் அமெரிக்காவில் ஸ்டீஃபன் மிட்செல் போன்றவங்க உறவுசார் உளச்சிகிச்சையை வளர்த்தெடுத்தாங்க. அந்த மரபு இன்னிக்கு ஃபெரென்சியைத் தன் முன்னோடின்னு கொண்டாடுது.

அது சரி, நம்ம வீட்டுப் பிள்ளைங்ககிட்ட "தப்பு என் மேலதான்"னு நாம எத்தனை தடவை சொல்லியிருக்கோம்?