மணிக்கட்டு வலி: பீடி சுற்றும் கைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

கை வலிக்கிறது என்று மருந்துக்கடையில் சொன்னால் யாருக்கும் அதே களிம்பும் அதே மாத்திரையும்தான் கிடைக்கும். வலிக்குக் காரணமோ நசுங்கிய நரம்பாக இருக்கலாம், வீங்கிய தசைநாண் உறையாக இருக்கலாம், மூட்டு அழற்சியாகவோ கண்ணில் படாத எலும்பு முறிவாகவோ இருக்கலாம். சிலவற்றுக்கு ஓய்வே போதும். சிலவற்றில் காலம் கடத்தினால் கட்டைவிரலின் வலு போய்விடும், திரும்ப வராது.

எந்த விரலில், எந்த நேரத்தில், எந்த அசைவில் வலிக்கிறது என்று பொறுமையாகக் கேட்டாலே இவற்றில் பெரும்பாலானவற்றைப் பிரித்தறிந்துவிடலாம் என்பது இக்கட்டுரையின் முதல் வாதம். தடுப்பை உழைப்பவரின் கையில் மட்டும் தேடக்கூடாது, வேலை அமைந்திருக்கும் விதத்தில் தேட வேண்டும் என்பது இரண்டாவது. திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களிலும் வேலூர், குடியாத்தம் பகுதிகளிலும் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்களின் வேலையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். கைக்கு இவ்வளவு நுண்மையான, இவ்வளவு ஓயாத வேலையைத் தரும் தொழில்கள் குறைவு.

2. அமைப்பு

ஒரு கையில் 27 எலும்புகள். அவற்றில் எட்டு, மணிக்கட்டில் இரண்டு வரிசையாக அமைந்து உள்ளங்கைப் பக்கம் ஒரு பள்ளத்தை உண்டாக்குகின்றன. பள்ளத்தின் மேல் தடித்த தசைநார் ஒன்று குறுக்கே மூடியிருக்கிறது. இப்படி உருவாகும் இடுக்குப் பாதைக்குக் கார்ப்பல் டனல் என்று பெயர். விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் என்னும் நரம்பும் இதன் வழியே போகின்றன. சுற்றுச் சுவர் எதுவும் விரியாது. உள்ளே சிறிது வீக்கம் வந்தாலும் முதலில் நசுங்குவது அந்த நரம்புதான்.

இதற்குள் இருக்கும் அழுத்தத்தை 1981-இல் அளந்து பார்த்திருக்கிறார்கள். நேராக வைத்த நலமான மணிக்கட்டில் சராசரியாக 2.5 மி.மீ. பாதரசம், இங்கே நரம்பு நசுங்கும் கார்ப்பல் டனல் நோய் உள்ளவர்களிடம் 32. அவர்களே மணிக்கட்டை முழுதாக மடக்கியபோது 90-ஐத் தாண்டியது. இரவில் ஏன் கை மரத்துப்போகிறது என்பதற்கு இந்த எண்களிலேயே விடை இருக்கிறது: தூக்கத்தில் நாம் மணிக்கட்டை மடக்கி, தலைக்கோ கன்னத்துக்கோ கீழே வைத்துக்கொள்கிறோம்.

3. ஒரு பீடிக்கு எத்தனை அசைவு

ஊறவைத்த பீடி இலையை அளவுத் தகரத்தின் கீழ் வைத்துக் கத்தரியால் வெட்ட வேண்டும். மடியில் சுளகு. வெட்டிய இலையில் புகையிலைத் தூளைப் பரப்பி, இரண்டு கைகளின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து உருட்ட வேண்டும். நூலைச் சுற்றிக் கட்டி, நுனியை நகத்தாலோ சிறு கம்பியாலோ மடக்கி அடைக்க வேண்டும். தலை குனிந்தே இருக்கும், மணிக்கட்டு உள்நோக்கி வளைந்தே இருக்கும். கட்டைவிரல் ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. வெட்டும்போது கத்தரி வளையத்துக்குள், உருட்டும்போது இலையின் மேல், கட்டும்போது நூலில்.

கூலி 1000 பீடிக்கு இவ்வளவு என்று பேசப்படுவது. வீட்டு வேலைகளுக்கு நடுவே ஒருவர் எட்டு மணி நேரத்தில் ஆயிரம் சுற்றி முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி என்பது 28,800 விநாடி. ஒரு பீடிக்கு 29 விநாடிக்கும் குறைவு. அதற்குள் வெட்டு, உருட்டு, கட்டு, மடக்கு அத்தனையும் முடிய வேண்டும். 1980களில் தொழிற்சாலைக் கைகளை ஆராய்ந்த சில்வர்ஸ்டைன், ஃபைன், ஆர்ம்ஸ்ட்ராங் ஆகியோர், ஒரு சுற்று 30 விநாடிக்குள் முடியும் வேலையை 'மிகுதியாகத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை' என்று வகுத்தார்கள். இவ்வகை வேலையோடு அழுத்தமும் சேரும்போது கார்ப்பல் டனல் நோய் பன்மடங்கு கூடுகிறது என்பது அவர்களின் முடிவு. பீடி அந்த வரையறைக்குள் அப்படியே பொருந்துகிறது. சுற்றியதில் ஒரு பங்கைச் சரியில்லை என்று கடையில் கழித்துவிட்டால் அந்த எண்ணிக்கையை மறுபடி ஈடுகட்ட வேண்டும். கூலி இல்லாத அந்தப் பீடிகளுக்கும் கட்டைவிரல் அதே அளவு உழைத்திருக்கிறது.

விசைப்பலகையில் தட்டச்சு செய்வதே இந்நோய்க்கு முதல் காரணம் என்ற எண்ணம் நகரங்களில் பரவியிருக்கிறது. அதற்கான சான்று வலுவானதல்ல. அழுத்திப் பிடிப்பது, அதையே ஓயாமல் செய்வது, அதிரும் கருவிகளைக் கையாள்வது ஆகியவற்றுக்குத்தான் உறுதியான சான்று உண்டு. கை நோயைப் பற்றிய பேச்சு கணினியைச் சுற்றியே நடப்பதால், சுளகை மடியில் வைத்திருப்பவர் அந்தப் பேச்சில் இடம்பெறாமலே போகிறார்.

4. பிரித்தறிதல்

4.1 இரவில் எழுப்பும் கை

"ராத்திரி கை மதமதன்னு ஆயிடுது, எந்திரிச்சு உதறினாத்தான் சரியாவுது" என்று ஒருவர் சொன்னால் பாதி நோயறிதல் முடிந்துவிட்டது. பலர் இதை ரத்த ஓட்டக் குறைவு என்று நினைக்கிறார்கள். ரத்த ஓட்டமாக இருந்தால் ஐந்து விரலும் மரக்க வேண்டும். மீடியன் நரம்பு நசுங்கும்போது கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி ஆகியவை மரக்கும், சுண்டுவிரல் தப்பிவிடும். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொன்னால் அதே மதமதப்பு வந்துவிடுவதுண்டு. ஃபேலன் சோதனை எனப்படும் இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

அடுத்துப் பார்க்க வேண்டியது கட்டைவிரலின் அடிமேடு. இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், ஒன்றில் அந்தச் சதைமேடு தட்டையாகியிருப்பது தெரியும். சட்டைப் பொத்தான் போடுவது, ஊசியில் நூல் கோப்பது, சில்லறை எடுப்பது தடுமாறும். இந்த நிலையில் வலி குறைந்தும் போகலாம். நரம்பு உணர்வை இழப்பதால் வரும் அந்தக் குறைவைக் குணம் என்று எடுத்துக்கொள்வதுதான் பேரிழப்பு.

சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, கர்ப்பம், மிகுந்த உடல் எடை ஆகியவையும் இந்நோயைத் தூண்டும். ஆகவே கையைக் காட்ட வந்தவருக்குச் சர்க்கரையும் தைராய்டும் பார்க்கத்தான் வேண்டும். கர்ப்ப காலத்தில் வந்தது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தானாகக் குறையும்.

4.2 கட்டைவிரல் பக்கத்து வலி

சுவிஸ் அறுவை மருத்துவர் டி கெர்வைன் 1895-இல் விவரித்த தசைநாண் உறை அழற்சி இது. மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம், எலும்பு சற்றுப் புடைத்திருக்கும் இடத்தில் தொட்டாலே வலிக்கும். கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடி, சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்தால் உயிர் போகும். மரப்பு இருக்காது. கத்தரி பிடிப்பவர்களுக்கு மட்டுமல்ல, புதிதாய்த் தாயானவர்களுக்கும் இது வருகிறது: குழந்தையின் அக்குளுக்குள் கைகொடுத்து, கட்டைவிரலை அகல விரித்து நாள்முழுக்கத் தூக்குவதால். குழந்தையின் பிட்டத்துக்கும் முதுகுக்கும் கீழே உள்ளங்கையைக் கொடுத்து அள்ளித் தூக்கினால் அந்தத் தசைநாணுக்கு விடுதலை கிடைக்கும். பிரசவ வார்டிலேயே இதைச் செய்து காட்ட வேண்டும்.

4.3 பிற

விரல் மடங்கிச் சிக்கி, 'டக்' என்று விடுபட்டால் அது விரலடியில் தசைநாண் சிக்கும் நோய். சர்க்கரை உள்ளவர்களுக்கு மிகுதி. காலையில் எழுந்ததும் இரண்டு கை மூட்டுகளும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகியிருந்தால் முடக்குவாதமா என்று ரத்தப் பரிசோதனை தேவை. 2006-இல் தமிழகத்தைப் பீடித்த சிக்குன்குனியா, காய்ச்சல் போனபின்னும் பலருடைய மணிக்கட்டில் மாதக்கணக்கில் தங்கியது. காய்ச்சல் வந்துபோனதா என்று கேட்க மறக்கக்கூடாது. சுண்டுவிரல் பக்கம் மரத்து, தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய படை இருந்தால் தொழுநோயையும் நினைக்க வேண்டும். அதை முழுமையாகக் குணமாக்கும் மருந்து உண்டு. தாமதம்தான் கையைக் கெடுக்கும்.

கை ஊன்றி விழுந்தபின் வரும் வலியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் விழும் குழியில் அமுக்கினால் வலிக்கிறது என்றால், ஸ்கேஃபாய்டு எலும்பு முறிந்திருக்கலாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். பத்து முதல் பதினான்கு நாளில் மறுபடி எடுக்க வேண்டும். அதுவரை கட்டு இருக்க வேண்டும். 'சுளுக்குத்தான்' என்று எண்ணெய் போட்டு நீவிவிட்டால், ரத்தம் குறைவாகவே வரும் அந்த எலும்பின் ஒரு பகுதி செத்துவிடக்கூடும்.

5. தடுப்பு

இத்தாலிய மருத்துவர் ரமாசினி, தொழிலாளர் நோய்கள் பற்றிய தம் நூலின் 1713-ஆம் ஆண்டு விரிவுப் பதிப்பில் எழுத்தர்களின் கைநோயைப் பேசுகிறார். ஓயாத உட்காரல், ஒரே போக்கிலான கை அசைவு, பிழை விழக்கூடாதே என்ற மன இறுக்கம் என மூன்று காரணங்கள் சொன்னார். மூன்றும் பீடிக்கு அப்படியே பொருந்தும். கழிவு விழுமோ என்ற பயம்தான் அந்த மன இறுக்கம்.

வேலைக்குள்ளேயே செய்யக்கூடியவை உண்டு. மழுங்கிய கத்தரிக்கு ஒவ்வொரு வெட்டிலும் கூடுதல் அழுத்தம் வேண்டும். சாணை பிடித்து வைப்பது கைக்குச் செய்யும் வைத்தியம். இலை நன்றாக ஊறியிருந்தால் உருட்ட வலு குறைவாகப் போதும். ஆயிரம் இலையையும் ஒரே மூச்சில் வெட்டிவிட்டுப் பிறகு உருட்டுவதைவிட, நூறு வெட்டி, நூறு உருட்டி, எழுந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருவது நல்லது. ஒரே தசை மணிக்கணக்கில் உழைப்பது அதனால் தவிரும்.

ஆனால் எண்ணிக்கைக்குக் கூலி என்ற முறை இருக்கும்வரை, ஓய்வு எடுப்பவர் தன் கூலியிலிருந்தே அதற்கு விலை கொடுக்கிறார். பீடி மற்றும் சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966-இலேயே வந்தும் அந்த முறை தொடர்ந்தது. சர்வதேச தொழிலாளர் நிறுவனம் 2010-இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் கார்ப்பல் டனல் நோயும் கட்டைவிரல் பக்கத் தசைநாண் உறை அழற்சியும் பெயர் சொல்லி இடம்பெற்றுள்ளன. நம் பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ஈயம், சிலிக்கோசிஸ், செவித்திறன் இழப்பு எல்லாம் இருந்தன. இந்த நோய்கள் இருக்கவில்லை. அவற்றை நம் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்ப்பதும், வீட்டில் சுற்றுபவருக்கும் அதன் பயன் எட்டச் செய்வதும் நியாயமான கோரிக்கை.

6. சிகிச்சை

கார்ப்பல் டனல் நோயின் தொடக்கத்தில், மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையை இரவில் ஆறு வாரம் கட்டிப் படுப்பதே முதல் மருத்துவம். பகலில் அதைக் கட்டிக்கொண்டு வேலை செய்தால் கை பட்டையோடு மல்லுக்கட்டும். 'நரம்புச் சத்து' மாத்திரைகள் நசுங்கிய நரம்பை விடுவிக்காது. பி6 வைட்டமினை அளவுக்கு மீறி நெடுநாள் தின்றால் அதுவே நரம்பைக் கெடுக்கும். வலி மாத்திரையை மாதக்கணக்கில் தின்பது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. ஸ்டீராய்டு ஊசி சில மாத நிவாரணம் தரும். கட்டைவிரல் பக்கத்து நோயிலும் சிக்கும் விரலிலும் அதன் பலன் இன்னும் கூடுதல். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மரப்பு பகலிலும் நீடித்தாலோ சதைமேடு வற்றத் தொடங்கினாலோ, அந்தக் குறுக்குத் தசைநாரை வெட்டிவிடும் அறுவையைத் தள்ளிப்போடக்கூடாது. கையை மட்டும் மரக்கவைத்துச் செய்யும் சிறிய அறுவை இது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைக்கென்றே தனித்துறை உண்டு. அறுவைக்குப் பின் இரவு மரப்பு விரைவில் நின்றுவிடும். வற்றிய சதை முழுதாகத் திரும்புவது உறுதியில்லை. உள்ளங்கையின் அடிப்பகுதியில் அமுக்கினால் வரும் வலி மூன்று மாதம்வரைகூட இருக்கலாம். இரு கையிலும் நோய் இருந்தால், வீட்டில் வேறு ஆள் இல்லாதவருக்கு ஒரு கை முடிந்தபின் மறு கை என்று திட்டமிடுவது நல்லது. பிடியின் வலு திரும்பும்வரை கத்தரியை வீட்டில் வேறொருவர் எடுத்துக்கொள்ளட்டும்; தூள் பரப்புவதும் நூல் கட்டுவதும் முதலில் தொடங்கலாம், இலை வெட்டுவது கடைசியில்.