மறைந்துபோன மஞ்சள்

அயனிகளைக் கண்டறியும் சோதனைகளை நம்மில் பலர் எஸ்.பி.எம். வேதியியலுக்காக மனப்பாடம் செய்தவர்கள்தான். குளோரைடா? வெள்ளி நைட்ரேட் ஊற்று, வெள்ளை வீழ்படிவு. கரியமில வாயுவா? சுண்ணாம்பு நீர் பால் மாதிரி ஆகும். புள்ளி கிடைத்ததும் மறந்தாச்சு. இப்படி ஒரு நிறமாற்றத்தை நம்பிக் கொலை வழக்கே நடந்திருக்கு என்று படித்த பிறகுதான் எனக்கு இவற்றின் மேல் மரியாதை வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் எலி மருந்து என்று கேட்டால் வெள்ளைப் பாஷாணம் சுலபமாகக் கிடைக்கும். அதாவது ஆர்சனிக். சுவையும் மணமும் காட்டிக்கொடுக்காது. வாந்தி, பேதி என்று ஆள் போனால் காலரா என்று நினைத்துப் புதைத்துவிடுவார்கள். அதற்கு 'வாரிசுப் பொடி' என்றே பட்டப்பெயர் உண்டு.

1830களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜான் போடில் என்பவர், காப்பியில் பாஷாணம் கலந்து தன் தாத்தாவைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார். வூல்விச் ஆயுதச்சாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் மார்ஷ் சோதித்தார். ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செலுத்தியதும் மஞ்சள் வீழ்படிவு வந்தது. ஆர்சனிக்தான், சந்தேகமில்லை. ஆனால் ஜூரிகள் பார்ப்பதற்குள் அது கெட்டுப்போய்விட்டது. போடில் விடுதலையானார். கொலையைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

மார்ஷுக்கு உண்மை தெரியும், காட்டத்தான் முடியவில்லை. அந்த ஆற்றாமையிலிருந்துதான் 1836இல் அவருடைய புதிய சோதனை வெளிவந்தது. மாதிரியோடு துத்தநாகமும் அமிலமும் சேர்த்தால், ஆர்சனிக் இருக்கும்பட்சத்தில் ஆர்சீன் வாயு கிளம்பும். அதைக் கொளுத்தி, சுடரில் குளிர்ந்த பீங்கானைப் பிடித்தால் பளபளப்பான கருங்கறை படியும். யார் கையிலும் கொடுத்துக் காட்டலாம்.

ஆனால், 1840இல் பிரான்சில் கணவனைக் கொன்றதாக மரி லஃபார்ஜ் விசாரிக்கப்பட்டபோது, உள்ளூர் நிபுணர்களின் சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. பாரிஸிலிருந்து வந்த ஓர்ஃபிலா உடலில் ஆர்சனிக்கைக் கண்டார். மரிக்கு ஆயுள் தண்டனை. தான் நிரபராதி என்றே அவர் கடைசிவரை சொன்னார்.

இந்தச் சோதனை அவ்வளவு நுட்பமானது. துத்தநாகத்திலேயே ஆர்சனிக் கலந்திருந்தால் அதுவும் கறையாகிவிடும். அதனால் மாதிரி எதுவும் போடாமல் முதலில் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். அடுத்தவர் மேல் விரல் நீட்டுவதற்கு முன், நம் கருவி சுத்தமா என்று பார்ப்பது. இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.