இண்டிகா கஞ்சா

இண்டிகா என்பது கஞ்சாச் செடியின் ஒரு பிரிவுக்குத் தாவரவியல் இட்ட பெயர். ‘இந்தியாவைச் சேர்ந்தது’ என்பது அந்த இலத்தீன் சொல்லின் பொருள். விதை வியாபாரிகளின் பட்டியல்களில் இன்று இண்டிகா என்றால் வேறொரு படம் வருகிறது: குட்டையான தண்டு, அகன்ற இலை, அடர்ந்த கிளை; புகைத்தால் உடல் தளரும், தூக்கம் சொக்கும். நெடிதாக வளர்ந்து ஒடுங்கிய இலை விட்டு மனத்தைத் துள்ளவைப்பதாகச் சொல்லப்படும் செடிக்கு அங்கே ‘சாட்டிவா’ என்று பெயர். இப்பகுப்பில் வரலாறு தலைகீழாகிவிட்டது. இண்டிகா என்ற பெயரை முதலில் பெற்றது இந்தியாவின் ஒடுங்கிய இலைக் கஞ்சாதான். கங்காணிகள் ஆள் சேர்த்த காலத்தில் கடல் கடந்த தமிழர் ஊரில் கஞ்சா என்று அறிந்திருந்ததும் அதையே. அதைத்தான் இன்றைய பட்டியல் சாட்டிவா என்கிறது.

தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் ஐரோப்பாவின் நார்ச்செடியைக் கண்டு கன்னபிஸ் சாட்டிவா என்று பெயரிட்டார். இந்தியாவில் பியேர் சொன்னரா சேகரித்து அனுப்பிய மாதிரிகளைப் பார்த்த லமார்க், இது வேறு இனம் என்று 1785-இல் கன்னபிஸ் இண்டிகா என்ற பெயரைத் தந்தார். அவர் சொன்ன காரணங்களில் இலையின் அகலத்தைவிட வேறு சில செய்திகள் முக்கியமானவை: தண்டின் பட்டை மெல்லியது, நார் எடுக்க உதவாது, மணம் கடுமையானது, தலைக்கேறிக் கவலையை மறக்கடிக்கும். அதாவது, லமார்க்குக்கு இண்டிகா என்பது போதை தரும் இந்தியச் செடி, அவ்வளவே. இது நம்மவர்க்குப் புதிய செய்தி அல்ல. சித்த மருத்துவம் அதைக் கோரக்கர் மூலி என்று அழைத்தது. சுத்தி செய்து லேகியத்தில் சேர்த்தது. கல்கத்தாவில் பணியாற்றிய மருத்துவர் ஓ’ஷாக்னசி 1839-இல் வாதநோய்க்கும் தசைவிறைப்புச் சன்னிக்கும் அதைக் கொடுத்துப் பார்த்து எழுதிய பிறகே ஐரோப்பிய மருந்துக் கடைகளில் ‘இந்தியன் ஹெம்ப்’ குப்பிகள் ஏறின. 1893-94-இல் அமர்ந்த இந்தியக் கஞ்சா ஆணையம் 1,193 சாட்சிகளை விசாரித்து, அளவோடு பயன்படுத்துவோருக்குப் பெருங்கேடு இல்லை, அளவு மீறினால் கேடு உண்டு என்று முடித்தது. அரசு கஞ்சா வரியால் வருமானம் பார்த்துக்கொண்டிருந்ததையும் மறக்க வேண்டியதில்லை.

கூலிக் கப்பல்கள் சென்ற இடங்களுக்கு இந்தப் பழக்கமும் சென்றது. 1860 முதல் சென்னையிலிருந்து ஆள் ஏற்றிய, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் காலனி, கூலிகள் கஞ்சா வைத்திருப்பதையும் புகைப்பதையும் 1870-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுத்தது. ஜமைக்காவில் இந்தியக் கூலிகள் விட்டுச்சென்ற ‘கஞ்சா’ என்ற சொல்லே 1913-ஆம் ஆண்டுத் தடைச் சட்டத்தின் பெயரில் ஏறியது. மலாய் மொழியும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. பினாங்கில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கள்ளோடு சேர்த்து ‘பாங்கு’ என்ற கஞ்சா இலையை விற்கும் உரிமையும் குத்தகைக்கு விடப்பட்டது. மலாயாவின் நெகிரி செம்பிலானில் ரப்பர் வேரூன்றியபோது காலம் மாறிவிட்டது. சிரம்பானிலிருந்து கோலாப்பிலா செல்லும் சாலையில் உள்ள பாரோயைச் சுற்றிய தோட்டப்புறங்களில் பால்மரம் வெட்டியவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட போதை கள்ளுதான். 1925-இல் ஜெனீவா உடன்படிக்கை இந்தியன் ஹெம்ப்பைப் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. மலாயாவில் 1952-ஆம் ஆண்டு அபாயகர மருந்துச் சட்டம் வந்தது. உரிமம் பெற்ற கள்ளுக்கடைக்குக் கணக்கேடு மிஞ்சும். தடைசெய்யப்பட்ட பொருளுக்கு வழக்குக் கட்டுதான் மிஞ்சும். தோட்டத் தமிழரின் போதை வரலாறு கள்ளின் வரலாறாகவே எழுதப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

பெயர் கைமாறியது அண்மைக் காலத்தில்தான். தாவரவியலாளர் ரிச்சர்ட் ஷுல்டிஸ் ஆப்கானிஸ்தானில் கண்ட, குட்டையான அகன்ற இலைச் செடியை 1974-இல் இண்டிகாவாக அடையாளம் காட்டினார். 1980-இல் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் அந்தப் பகுப்பை உறுதிசெய்தார். இந்துகுஷ் மலைப்பக்கத்து விதைகள் அதற்குள் அமெரிக்காவுக்கும் நெதர்லாந்துக்கும் போய்விட்டன. ‘நார்த்தர்ன் லைட்ஸ்’ போன்ற புகழ்பெற்ற ரகங்கள் அந்த ஆப்கன் வழியில் பிறந்தவை. குளிரும் வறட்சியும் உள்ள மலையில் பிசின் எடுப்பதற்காக வளர்த்த செடி அது. சீக்கிரம் பூப்பதும் கூரைக்கு அடங்குவதும் வீட்டுக்குள் விளக்கொளியில் வளர்ப்பவர்களுக்கு வசதியாயின. பெயர்கள் காலத்தால் மாறுவது இயல்பு, இதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். பெயர் மாறியதில் குற்றமில்லை. பெயரை வைத்துப் பலனையும் உறுதியளிப்பதில்தான் சிக்கல். 2015-இல் வெளியான மரபணு ஆய்வொன்றில், முழுச் சாட்டிவா என்று விற்கப்பட்ட ஜமைக்கா மாதிரி ஒன்று, முழு இண்டிகா எனப்பட்ட ஆப்கன் மாதிரியோடு கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. வம்சாவளி பற்றிய வியாபாரச் சொல்லுக்கும் மரபணுவுக்கும் உள்ள உறவு அவ்வளவு தளர்ந்தது.

புகைத்தவர்கள் வேறுபாட்டை உணர்வதாகச் சொல்கிறார்களே என்பது வலுவான மறுப்பு; அதை ஒதுக்கிவிட முடியாது. 2021-இல் நூற்றுக்கு மேற்பட்ட மாதிரிகளை ஆராய்ந்தபோது, இண்டிகா என்று முத்திரை குத்தப்பட்டவற்றில் மிர்சீன் போன்ற சில வாசனைப் பொருள்கள் கூடுதலாக இருந்தன. ஆக, மூக்கு பொய் சொல்லவில்லை. மண்வாசம் அடித்தால் வளர்ப்பவர் அதற்கு இண்டிகா என்று பேர் வைத்திருக்கிறார். ஆனால் அந்த வாசனைதான் தூக்கம் தருகிறது என்பது இன்னும் நிறுவப்படவில்லை. மயக்கத்தின் பெரும்பங்கு, 1964-இல் இஸ்ரேலில் கவோனியும் மெச்சூலமும் பிரித்தெடுத்த டிஎச்சி என்ற வேதிப்பொருளுக்கு உரியது. அது மூளையின் ஏற்பிகளில் ஒட்டுகிறது: பசி கூடும், கண் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், காலம் நீளும், அப்போதைய நினைவு நழுவும். எவ்வளவு எடுத்தார், எவ்வளவு பழகியவர், எதை எதிர்பார்த்தார் என்பதே அனுபவத்தைப் பெரிதும் திருப்பிவிடும். சிறுவயதில் தொடங்கி மிகுதியாகப் பயன்படுத்துவோருக்கு மனச்சிதைவு அபாயம் கூடுகிறது. இதற்கு எந்த ரகமும் விலக்கல்ல. மருந்தாக நிலைபெற்ற பயன்களும் ரகத்தின் பெயரால் வந்தவையல்ல. புற்றுநோய்ச் சிகிச்சையின் குமட்டலுக்கு அமெரிக்கா 1985-இல் ஏற்றது செயற்கை டிஎச்சி மாத்திரை. அரிய வகை வலிப்புகளுக்கு 2018-இல் ஏற்றது கஞ்சாவின் மயக்கம் தராத வேதிப்பொருளான சிபிடி.

மலேசியச் சட்டத்துக்கு இந்த வாதத்தில் அக்கறை இல்லை. கன்னபிஸ் பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியானாலும், பிசின் உள்ள அதன் எந்தப் பாகமானாலும், எப்பெயரில் அழைக்கப்பட்டாலும் அதற்குக் கஞ்சாதான். 200 கிராமை எட்டினால் கடத்தல் என்று அனுமானிக்கும் விதி உண்டு. 1983 முதல் கட்டாயமாயிருந்த மரண தண்டனை, 2023-இல்தான் நீதிபதியின் முடிவுக்கு முழுமையாக விடப்பட்டது. மருத்துவப் பயனுக்குரிய கஞ்சாப் பொருளை முறைப்படி பதிவுசெய்ய இடமுண்டு என்று சுகாதார அமைச்சு 2021 நவம்பரில் நாடாளுமன்றத்தில் சொன்னது. அந்தப் பதிவுக்குத் தேவை பாதுகாப்புக்கும் பலனுக்கும் தரத்துக்கும் சான்று.