ஜோன் மன்னரின் ஆட்சி: மாணவர்கள் தவிர்க்க வேண்டிய ஐந்து தவறுகள்

இங்கிலாந்தில் படிக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு வரலாற்றுப் பாடத்தில் ஜோன் மன்னர் (1199–1216) வருகிறார். நாம் ஊரில் படிக்காத பாடம் என்று ஒதுங்கிவிடுகிறோம். மாணவர்கள் வழமையாக விடும் தவறுகளை அறிந்தால் நாமும் உதவலாம்.

1. கதையை வரலாறாகக் கொள்ளுதல்
ரொபின் ஹுட் படங்களில் வரும் கொடியவனைப் பரீட்சைத் தாளுக்குள் கொண்டுவரக் கூடாது. ஜோனின் காலத்தோடு அந்தக் கதை இணைக்கப்பட்டது 16ஆம் நூற்றாண்டில்தான்.

2. காரணங்களைத் தொடுக்காமல் எழுதுதல்
1204இல் ஜோன் நோர்மண்டியைப் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப்பிடம் இழந்தார். அதை மீட்கப் பணம் வேண்டியிருந்தது. பிரபுக்கள் மீது வரிகளும் கட்டணங்களும் ஏறின. 1214இல் அவருடைய கூட்டாளிகள் பூவின் போரில் தோற்றனர். செலவு வீணானது, மறு ஆண்டே பிரபுக்கள் கிளர்ந்தனர். இந்தத் தொடர்பை விளக்காமல் ஆண்டுகளை மட்டும் அடுக்கினால் விடை முழுமையாகாது.

3. மக்னா கார்ட்டாவை மக்களாட்சிச் சாசனம் என எழுதுதல்
1215 ஜூனில் ரன்னிமீட்டில் ஜோன் கையொப்பமிடவில்லை. அரச முத்திரையே இடப்பட்டது. அது பிரபுக்கள் தங்களைக் காக்கக் கேட்டுப் பெற்ற உடன்படிக்கை. 'சுதந்திர மனிதர்' என்ற சொல்லுக்குள் பண்ணையடிமைகளான விவசாயிகள் அடங்கவில்லை.

4. 1215உடன் நிறுத்துதல்
அதே ஆண்டு ஓகஸ்ட்டில் பாப்பரசர் மூன்றாம் இன்னசென்ட் சாசனத்தைச் செல்லாததாக்கினார். உள்நாட்டுப் போர் மூண்டது. 1216 ஒக்டோபரில் ஜோன் இறந்த பின்னரே சாசனம் திருத்தத்துடன் மீண்டும் வெளிவந்தது. நிலைத்து நின்றது 1225ஆம் ஆண்டு வடிவமே.

5. எழுதியவர் யாரெனக் கேளாதிருத்தல்
ஜோனைக் கொடுங்கோலராகக் காட்டிய ரொஜர் ஒப் வெண்டோவர் ஒரு துறவி. மன்னர் இறந்த பிறகு எழுதியவர். பாப்பரசருடன் ஜோனுக்கு ஏற்பட்ட பிணக்கால் 1208 முதல் 1214 வரை இங்கிலாந்தில் தேவாலய வழிபாடுகளுக்குத் தடை இருந்தது. துறவிகளின் கோபத்துக்குக் காரணம் உண்டு. அரச பதிவேடுகளிலோ ஓயாமல் பயணம் செய்து, வழக்குகளை நேரில் கேட்ட மன்னரைக் காண்கிறோம். அவையும் மன்னரின் ஆட்கள் எழுதியவையே. இரண்டையும் எடைபோட்ட பின்னரே தீர்ப்பு எழுத வேண்டும்.

"இதை யார், எப்போது, எதற்காக எழுதினார்?" என்று கேட்கப் பழகிய பிள்ளை, நாம் வீட்டில் சொல்லும் நம் வரலாற்றைப் பற்றியும் ஒருநாள் அதையே கேட்கும். அப்போது கோபிக்காமல், ஆதாரத்தோடு பதில் சொல்ல நாமும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.