எந்தக் கஞ்சி, எத்தனை மில்லி?

சாப்பிடும்போது புரை ஏறினால் தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்பது நம் வீட்டு வழக்கம். வழிதவறி மூச்சுக்குழல் வாசலைத் தொட்ட பருக்கையை உடம்பு இருமித் தள்ளுகிறது. அந்த இருமல்தான் காவல். பக்கவாதம் வந்தவர், தலையில் அடிபட்டவர், பார்க்கின்சன் நோயாளி ஆகியோரில் சிலரிடம் இந்தக் காவல் தூங்கிவிடுகிறது. கஞ்சி குரல்நாணைத் தாண்டி இறங்கும், இருமல் வராது. "நல்லாத்தான் சாப்பிடுறார்" என்று வீட்டார் நிம்மதியாக இருப்பார்கள். சில நாளில் காய்ச்சல், நிமோனியா.

சத்தமில்லாத இந்தப் புரையை நேரில் பார்க்க ஒரு வழியை 1988இல் அமெரிக்காவில் சூசன் லாங்மோர், கென்னத் ஷாட்ஸ், நெல்ஸ் ஓல்சன் மூவரும் எழுதி வெளியிட்டார்கள். மூக்கு வழியாக வளையும் மெல்லிய எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, குரல்வளைக்கு மேலே நிறுத்தி, நோயாளியைச் சாப்பிடச் சொல்லிப் பார்ப்பது. மருத்துவமனைகளில் 'ஃபீஸ்' என்பார்கள். எக்ஸ்ரே வேண்டாம், கட்டிலருகிலேயே செய்யலாம்.

வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை பெங்களூர் நெடுஞ்சாலையைச் சந்திக்கும் நசரத்பேட்டையில் இதைப் பேசக் காரணம் இருக்கிறது. இங்கே பனிமலர், தண்டலத்தில் சவீதா, போரூரில் ஸ்ரீராமச்சந்திரா என்று மருத்துவக் கல்லூரிகள் நிற்கும் பாதை இது. மருத்துவ முதுநிலைப் படிப்பில் ஆய்வேடு கட்டாயம். விழுங்கல் பற்றி ஒரு மாணவர் எழுதுவதைப் படித்து, அடுத்த ஊர் மருத்துவர் அதே சோதனையைத் திரும்பச் செய்ய முடிய வேண்டும். உலகெங்கும் இந்தத் துறையின் கட்டுரைகள் பல தடுக்கி விழுவது இதில்தான்.

"நோயாளிக்குக் கஞ்சி கொடுத்தோம்" என்று எழுதினால் எந்தக் கஞ்சி? நொய்க்கஞ்சியா, வடித்த கஞ்சியா, கேழ்வரகுக் கூழா? நம் வீடுகளில் ஒரே பானைக் கஞ்சி காலையில் ஓடும், ஆறியபின் கரண்டியில் நிற்கும். 2013இல் தொடங்கிய ஐடிடிஎஸ்ஐ என்ற பன்னாட்டு முயற்சி இதற்கு எளிய அளவுகோல் தந்திருக்கிறது. ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்துப் பானத்தை நிரப்பி, விரலை எடுத்து 10 விநாடி ஓடவிட்டு, மிச்சத்தைப் பார்க்க வேண்டும். 1 முதல் 4 மில்லி மிஞ்சினால் நிலை 1, 4 முதல் 8 என்றால் நிலை 2, அதற்கும் மேல் மிஞ்சினால் நிலை 3. ஒரு சொட்டும் இறங்காவிட்டால் நிலை 4. ஆனால் சிரிஞ்சில் பூஜ்யக் கோட்டிலிருந்து பத்தாம் கோடுவரை 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சிரிஞ்சுக்குச் சிரிஞ்சு இது மாறும். நம் மருந்துக்கடையில் வாங்கியதை ஸ்கேல் வைத்து அளந்துவிட்டே தொடங்க வேண்டும், அதையும் ஆய்வேட்டில் எழுத வேண்டும்.

அடுத்தது மதிப்பெண். 1996இல் ரோசன்பெக் குழு தந்த எட்டுப் படி அளவுகோலில் 1 என்றால் மூச்சுவழியில் எதுவும் நுழையவில்லை. 8 என்றால் குரல்நாணுக்குக் கீழே இறங்கியும் உடம்பு அதைத் தள்ள முயலவில்லை. 4 என்பது குரல்நாணைத் தொட்டு வெளியேறியது, 5 என்பது தொட்டு அங்கேயே தங்கியது. சராசரி 4.5 என்று அட்டவணையில் அச்சிட்டால் நோயாளியின் தொண்டையில் நடந்தது என்ன? அதற்கு விடையில்லை. எத்தனை பேருக்கு எந்தப் படி, பல மிடறுகளில் எந்த மிடறை எண்ணினோம் என்று எழுதுவதுதான் நேர்மை. இந்த அளவுகோல் எக்ஸ்ரே படத்துக்காகப் பிறந்தது என்பதையும் மறக்கலாகாது. ஒரே மிடறை எக்ஸ்ரே, எண்டோஸ்கோப் என இரு முறையிலும் ஒருசேரப் பதிவுசெய்து கெல்லி, டிரின்னன், லெஸ்லி 2007இல் வெளியிட்ட ஆய்வில், எண்டோஸ்கோப்பைப் பார்த்தவர்கள் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். எந்தக் கருவி என்று சொல்லாமல் இரு ஆய்வுகளின் எண்களை ஒன்றாகக் கூட்டுவது ஆபத்து.

எண்டோஸ்கோப்புக்கும் ஒரு குருட்டுக் கணம் உண்டு. விழுங்கும் நொடியில் தொண்டைச் சதை லென்ஸை மூட, திரை வெள்ளையாகிவிடும். முன்னும் பின்னும்தான் தெரியும், நடுவே நடந்ததை மிச்சத்தை வைத்துத்தான் ஊகிக்கிறோம். அதனால் படத்தைப் பார்த்தவர் யார், நோய் என்னவென்று முன்பே அறிந்தவரா, இரண்டாவது ஆள் தனியே பார்த்தாரா, இருவரும் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்பவை அடிக்குறிப்புச் செய்திகள் அல்ல. மூக்கில் மரப்பு மருந்து வைத்தார்களா, குடிக்கக் கொடுத்தது பாலா, சாயம் கலந்த நீரா என்பவையும் அப்படியே.

நோயறி சோதனை ஆய்வுகளுக்கு 'ஸ்டார்ட்' என்ற 30 அம்சப் பட்டியல் 2015 முதல் இருக்கிறது. சிகிச்சைச் சோதனையைப் பதிய 2007 முதல் நம் நாட்டிலேயே சிடிஆர்ஐ பதிவேடு இருக்கிறது. இரண்டும் நல்லவை. ஆனால் கஞ்சியின் பதத்தை இரண்டும் கேட்பதில்லை, அதை நாமே கேட்க வேண்டும். ஓர் ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியில் இப்படி ஒரு வரி எழுதினால் போதும்: "வடிகட்டிய நொய்க்கஞ்சி, அறை வெப்பத்தில், சிரிஞ்சில் மிச்சம் 6 மில்லி, நிலை 2; கரண்டியில் 5 மில்லி வீதம் மூன்று மிடறு; நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்."

அதைப் படிக்கும் திருவள்ளூர்ச் செவிலியர் ஒருவர் மறுநாள் காலையே அதே கஞ்சியைக் காய்ச்சிவிட முடியும்.